ஓடிப்போனவர் பட்டியலில் கோவிந்தம்மா

சர்க்கார் அமைத்த நவீன கால மாதர் திலகங்கள் சரித்திர நிர்ணயக் குழுவில் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். மாதர் பிரதிநிதிக்கென்று பத்தாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் குடைகளை வைப்பார்கள். மழையில்லாத நாளிலும் வைப்பார்கள். காலியாக விட்டால் யாராவது உட்கார்ந்துவிடக்கூடும் அல்லவா?

ராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு எதிரே, கீழே கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை, மேலே குழுவின் ஆபீஸ். இருபத்திரண்டு படி. ஐம்பத்து மூன்றாம் வருஷத்தில் அந்தப் படிகளை ஏறி இறங்கியதில் குணசுந்தரி டீச்சருக்கு மூன்று ஜோடிச் செருப்பு தேய்ந்ததாகச் சொல்வார்கள். நான் விசாரித்த வரையில் ஐந்து ஜோடி.

குணசுந்தரி திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். பெயர் பெற்ற பெண்களின் வாழ்க்கையைத் தேடித் தேடி எழுதுபவர். 'நவீன சரித்திரத்தில் பதினொரு மாதர் திலகங்கள்' என்ற நூலை எழுதும் பொறுப்பைக் குழு அவரிடம் கொடுத்திருந்தது. பத்துப் பேரைக் குழு தேர்ந்தெடுக்கும். பதினோராமவரை ஆசிரியையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை விதிகளுக்குள் எப்படி நுழைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. டைப் அடித்தவர் அன்றைக்குக் காய்ச்சலில் இருந்தாராம்.

குழு கூடினால் முதல் காரியம், மாதர் குலத்துக்காக எழுந்து நின்று இரண்டு நிமிஷ மௌனம். ஒரு தடவை அந்த மௌனம் மூன்றேகால் மணி நேரம் நீண்டது. தலைவர் ராவ் சாகிப் வேதமாணிக்கம் நின்றபடியே தூங்கிவிட்டார். தலைவரை எழுப்பலாம் என்று விதியில் எங்கும் இல்லை. அன்றைக்கு நிறைவேறிய தீர்மானங்கள் பதினான்கு.

எழுதுவதற்கும் முறை இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பகுதி அந்த அம்மாளின் தகப்பனார். இரண்டாவது கணவர். மூன்றாவது, அவருக்கு அனுமதி கொடுத்த அதிகாரி. நான்காவதில் அம்மாள் பிறக்கலாம். விமானம் ஓட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதிக்கொண்டு போனபோது தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கணவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?"

"அவங்களுக்குக் கல்யாணம் ஆகலைங்க."

"அப்படியானால் விமானம் யாருடைய பொறுப்பில் பறந்தது?"

அச்சுக்குப் போகும்போது அந்த அம்மாள் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வழக்குகளில் வென்ற வக்கீல் அம்மாள், நாற்பது நீதிபதிகளின் கருணைக்குப் பாத்திரமானவர் ஆனார்.

முதல் திருத்தத்தில் குணசுந்தரிக்குக் கோபம் வந்தது. இரண்டாவதில் அழுகை வந்தது. மூன்றாவதில் காது மட்டும் சூடானது. பத்தாவதில் ஒன்றுமே வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டிருந்தால் கால் நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாமல் போகுமே, மனசு அப்படி ஆகிவிட்டது. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று மகள் சொன்னாலும் "சரிங்க".

இந்த நிலையில்தான் பதினோராம் அத்தியாயத்தை எழுதக் காசிமேட்டுக்குப் போனார்.

கோவிந்தம்மா மணலில் வாளை மீனைக் காய வைத்துவிட்டுக் காக்காயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வயது அறுபத்தைந்து இருக்கும். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"வா டீச்சரம்மா. புள்ள எப்டி கீது?"

"நல்லா இருக்கா ஆயா. உங்களைப் பத்திப் புத்தகத்துல எழுதப் போறேன்."

"என்னப் பத்தியா? ஏன், ராணிங்கோ அல்லாம் தீந்துபூட்டாங்களா?"

"முப்பத்தேழு குழந்தைங்களைப் பிரசவம் பாத்து எடுத்தீங்களே ஆயா."

"அத்த வுடு. உயிர் காலேஜுல சிங்கத்தையே சுட்டுட்டு ஊரே மூட்ட கட்டிகினு பூட்ச்சி. வவுத்துல கீற புள்ளைங்களுக்குத் தெரியுமா, ஜப்பான்காரன் குண்டு போட வரான்னு? அதுங்க பாட்டுக்கு வந்துகினே இருந்துச்சிங்கோ. நான் புட்ச்சேன். கீய வுட முடியுமா?"

குண்டுக்குப் பயந்து உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சிசாலையின் சிங்கங்களைக் கூடச் சுட்ட, நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதத்துக் கதை அது. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கோவிந்தம்மா ஆயா வேலை பார்த்து வந்தாள். பட்டணம் காலியாக வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஆஸ்பத்திரி கத்தரிக்கோல் முதல் கடிகாரம் வரைக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு அரக்கோணத்துக்கு அப்பால் ஓர் அரிசி மில்லுக்கு இடம் மாறியது. ஊழியர் அனைவரும் பன்னிரண்டாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எட்டுப் பெண்கள் வலியில் கிடந்தார்கள். அவர்களை லாரியில் ஏற்றும்படி உத்தரவில் இல்லை. கோவிந்தம்மா எட்டுப் பேரையும் பக்கத்திலிருந்த கருவாட்டுக் கிடங்குக்கு நடத்திக்கொண்டு போனாள். பத்தொன்பது நாட்களில் அந்தக் கிடங்கில் முப்பத்தேழு குழந்தைகள் பிறந்தன. இருபத்திரண்டாவது, குணசுந்தரியின் மகள்.

குண்டு விழவில்லை. ஆஸ்பத்திரி கடிகாரத்தோடு திரும்பி வந்தது. வந்ததும் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தார்கள். அரிசி மில்லுக்குப் போனவர்கள் பெயருக்கு நேரே 'பணியில் இருந்தார்' என்று போட்டிருந்தது. போகாத ஒரே ஒருத்தியின் பெயருக்கு நேரே 'பணியிலிருந்து ஓடிப்போனவர்' என்று போட்டிருந்தது. வேலை போயிற்று.

"எனக்கு இன்னொண்ணும் வாணாம் டீச்சரம்மா. அந்த நோட்டுல ஓடிப்போனவன்னு எய்திக்கிறான் பாரு, அத்த மட்டும் அடிக்கச் சொல்லு. மீன் ஏலத்துல கூட சிரிக்கிறாளுங்கோ. யாரு கூட ஓடுனன்னு கேக்கறாளுங்கோ, இந்த மூஞ்சிய வச்சிகினு! நான் பூட்டாலும் அந்த வார்த்த அங்க குந்தினு கீக்குமே. அதான் பேஜாரு."

"சர்க்கார் புத்தகத்துல உங்க பேரு வந்துட்டா, சர்க்கார் ரிஜிஸ்டர் வேற மாதிரி சொல்ல முடியாது ஆயா. அடிச்சே ஆகணும். அது என் பொறுப்பு" என்றார் குணசுந்தரி.

இதை அவர் மனமார நம்பினார். அவரிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

குழு கூடியது. மௌனம் முடிந்தது. சாட்சி வேண்டும் என்றார்கள். ஆசிரியையின் சாட்சி செல்லாது. தாம் எழுதியதற்குத் தாமே சாட்சியாக முடியாது. ஆகவே குணசுந்தரி வண்ணாரப்பேட்டையிலிருந்து அஜீசாவை அழைத்து வந்திருந்தார். கிடங்கில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் அஜீசா.

ராவ் சாகிப் வேதமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சம்பவத்தை நேரில் கண்டீர்களா?"

"நேர்லயாவா? என் புள்ளைங்கோ தானுங்களே!"

"கேட்டதற்கு மட்டும் பதில். அப்போது நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா?"

"நல்லா கேட்டீங்கோ போங்க. படுத்துகினு இருந்தேன்."

"முகம் எந்தப் பக்கம்?"

"மேல."

"மேலே என்ன தெரிந்தது?"

"தகரம்."

தலைவர் குமாஸ்தா சுயம்புவைப் பார்த்தார். சுயம்பு எழுதினான்: 'கிடங்குக்குத் தகரக் கூரை இருந்ததைச் சாட்சி உறுதி செய்கிறார். வேறு எதையும் பார்க்கவில்லை.'

"யா அல்லா! அப்ப அந்த ரெண்டும் தகரத்துலேர்ந்தா வுயுந்துச்சிங்கோ?"

"அந்தச் சாத்தியத்தையும் குழு பரிசீலிக்கும்" என்றார் தலைவர், மிகவும் மரியாதையாக.

பிறகு தீர்மானம் போட்டார்கள். பிரசவித்தவர்கள் படுத்திருந்தவர்கள், படுத்திருந்தவர்களின் சாட்சி ஏற்கத்தக்கதல்ல. பிறந்தவர்கள் அப்போது மைனர்கள். ஆகவே சம்பவம் நடந்த இடத்திலிருந்து மூன்று மைலுக்குள் இருந்த கெஜட் அதிகாரி ஒருவர் ஒன்பதாம் நமூனா என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

நாற்பத்திரண்டில் ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் பதவியில் இருந்த இருபத்து மூன்று அதிகாரிகளுக்கும் குணசுந்தரி கடிதத்தோடு நமூனாவையும் அனுப்பினார்; தலைவரும் அவர்களில் ஒருவர். பிரசவத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். நமூனாவின் முதல் கேள்வி, அந்த நாட்களில் ஊரில் இருந்தீர்களா என்பது. இருபத்து மூன்று பேரும் ஒரே வாரத்தில் பதில் போட்டார்கள். இருபத்து மூன்று பேரும் ஊரில் இருந்தார்களாம். ஒவ்வொருவரும் கடைசியாக வெளியேறியவர். ஒருவர் கலங்கரை விளக்கத்தைத் தனியாளாகக் காத்தாராம். இன்னொருவர் ஜப்பான் விமானத்தை முறைத்தே திருப்பி அனுப்பினாராம். பிரசவத்தை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் பேசியதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் தருகிறேன்.

"அம்மணி, இருபத்து மூன்று அதிகாரிகள் இருந்த ஊரில் ஓர் ஆயாவுக்கு என்ன வேலை இருந்திருக்க முடியும்? தேவைப்பட்டிருந்தால் அவர்களே பிரசவம் பார்த்திருப்பார்களே!"

"அவங்க ஒருத்தரையும் அப்போ யாரும் பாக்கலைங்களே."

"உயர் அதிகாரிகள் எளிதில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் பதறாமல் வெளியேற வேண்டும். அதற்கு யாராவது முன்மாதிரி காட்ட வேண்டும். ஆகவே நான் முதல் ரயிலிலேயே போனேன். குடும்பம், பசு, பீரோ, பியானோ எல்லாவற்றையும் முன்மாதிரியாகவே கொண்டு போனேன். ஆனால் என் உள்ளம் ராயபுரத்தில்தான் இருந்தது. நமூனாவில் 'இருந்தேன்' என்று எழுதியது அதனால்தான். உடல் எங்கே இருந்தது என்று கேட்க நமூனாவில் இடமில்லை."

எட்டு உறுப்பினர்களும் மேஜையைத் தட்டினார்கள். எட்டு உள்ளங்களும் ராயபுரத்திலேயே இருந்திருக்கின்றன. ஏப்ரல் மாதத்து வெயிலில் இத்தனை உள்ளங்கள் தெருவில் நின்றிருந்தால் கோவிந்தம்மா எப்படி இடித்துக்கொள்ளாமல் கிடங்குக்குப் போய்வந்தாளோ, தெரியவில்லை.

"மேலும், ஓடிப்போனவர் என்று பதிவான ஒருவரை மாதர் திலகமாக்க விதியில்லை. முதலில் அந்தக் குறிப்பை ரத்து செய்துகொண்டு வாருங்கள்."

அந்தக் குறிப்பை ரத்து செய்வதற்காகத்தான் புத்தகம். புத்தகத்துக்காக அந்தக் குறிப்பை ரத்து செய்ய வேண்டும். குணசுந்தரி இதை ஒரு தரம் யோசித்தார். இன்னொரு தரம் யோசிக்க முடியவில்லை. "சரிங்க" என்றார்.

சுயம்பு நல்லவன். படி வரைக்கும் கூட வந்தான்.

"டீச்சர், ஒரு வழி இருக்குங்க. விதி நாற்பத்தொண்ணு. வராத ஊழியர் போய்ச் சேர வேண்டிய இடத்துல போய்ச் சேர்ந்துட்டா, 'ஓடிப்போனவர்' தன்னாலே ரத்து. பொறுப்பாளர் கையெழுத்தோட சேர்ந்த அறிக்கை ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரி அங்கேருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சேப்பா."

"இடம் அங்கதானே இருக்கும்? இடத்தை யாரும் லாரியில ஏத்தலையே?"

பேசின் பிரிட்ஜில் பாசஞ்சர் வண்டி ஏறினார்கள். கோவிந்தம்மா பழைய வெள்ளைச் சேலையை வெளுத்துக் கட்டியிருந்தாள். வேலைக்குச் சேரப் போகிறாள் அல்லவா? வழியெல்லாம் குணசுந்தரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதுவும் கண்ணில் ஒட்டவில்லை.

அரிசி மில்லில் இருந்தவர் காவல்காரர் மண்ணாங்கட்டி ஒருவர்தான்.

"இன்னா வோணும்? நெல்லா?"

"வேலைக்கு வந்துகீறேன். ஆயா. கொஞ்சம் லேட்டாயிட்சி, பதினோரு வருசம்" என்றாள் கோவிந்தம்மா.

மண்ணாங்கட்டி யோசித்துப் பார்த்தார். "அட, சண்டக் காலத்து ஆஸ்பத்திரியா? இருந்துச்சே! எழுபது பேரு வந்து எறங்குனாங்க. நோயாளின்னு ஒரு ஈ காக்கா கெடையாது. பத்தொன்பது நாளும் நெல்லு காயிற களத்துல சீட்டு ஆடுனாங்க. கை பழக்கம் வுட்டுப்பூடக் கூடாதுன்னு என் ஆட்டுக்குப் பிரசவம் பாத்தாங்க. நாலு டாக்டரு, ஒரு ஆடு."

"குட்டி இன்னா ஆச்சி?"

"செத்துப்பூட்சி. ஆடும்தான்."

கோவிந்தம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "அடப் பாவிங்களா! அதுக்கு ஆட்ட எங்கிட்ட அனுப்பியிருக்கலாமே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குணசுந்தரியும் சிரிக்கப் பார்த்தார். உதடு அசைந்தது.

மில்லின் தற்போதைய பொறுப்பாளர் என்ற முறையில் மண்ணாங்கட்டி அறிக்கையில் கைநாட்டு வைத்தார். முத்திரை வேண்டுமே என்று உள்ளே போய், மூட்டைக்குக் குத்தும் முத்திரையை எடுத்து வந்து அழுத்தினார். கோவிந்தம்மாவின் பெயருக்குக் கீழே 'முதல் தரம், புழுங்கல்' என்று விழுந்தது.

அதற்குப் பிறகு ஃபைல் குதிரையாக ஓடியது. ஒன்றரை மாதத்தில் ஆணை வந்துவிட்டது. கோவிந்தம்மாவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். இருபத்திரண்டு படி ஏற அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. மேலே வந்ததும் நாற்காலியைப் பார்த்தாள், குடைகளைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்தாள்.

தலைவர் எழுந்து ஆணையைப் படித்தார். "'ஆயா கோவிந்தம்மா, 1942 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ராயபுரத்தை விட்டு முறைப்படி வெளியேறி, அரிசி மில்லில் பணியில் சேர்ந்து, பத்தொன்பது நாட்களும் அங்கேயே கடமையாற்றினார். ஆகவே ஓடிப்போனவர் என்ற குறிப்பு ரத்து செய்யப்படுகிறது.'"

"நாங்க போனது போன மாசங்க" என்றார் குணசுந்தரி.

சுயம்பு சங்கடத்தோடு விளக்கினான். "அந்தப் பதவியையே நாற்பத்திரண்டு மே மாசம் எடுத்துட்டாங்க டீச்சர். இல்லாத பதவியில இப்போ சேர முடியாது. சேர்ந்தா அப்போதான் சேரணும்."

"அப்போ என் அத்தியாயம்?"

"அங்கே இருந்தவர் இங்கே இருந்திருக்க முடியாது. அத்தியாயம் தானாகவே விழுந்துவிடுகிறது" என்றார் தலைவர்.

"கிடங்குல பிறந்த முப்பத்தேழு குழந்தைங்க?"

"ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் அந்த நாட்களில் பிரசவம் எதுவும் பதிவாகவில்லை."

"என் மகள் அங்கேதான் பிறந்தா."

"அது தங்கள் குடும்ப விஷயம். குழு தலையிடாது." தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினோராவது இடம் காலியாக இருக்கக்கூடாது. அந்த நெருக்கடியான வேளையிலும் ஒரு கீறல் விழாமல் பியானோவைக் கட்டி அனுப்பிய என் துணைவியாரைக் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. முதல் பகுதியில் என் மாமனார், இரண்டாவதில் நான். நாளைக்கே தொடங்கலாம்."

"சரிங்க" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று குணசுந்தரிக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

கோவிந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு சரின்ற நீ?"

அதற்குள் சுயம்பு மை டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, கோவிந்தம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினான். "ஆணையை வாங்கிக்கிட்டதா இங்க ஒரு கைநாட்டு வைம்மா. அந்த வார்த்தை போயிடும்."

"இரு நைனா. இத்துல வச்சா ஓடிப்போனவ இல்லன்னு ஆவும்."

"ஆமா."

"நான் அந்த மில்லுல இருந்தவன்னும் ஆவும்."

"ஆமா."

"அப்ப தாவாரத்துல எட்டுப் பொம்பளைங்கோ கத்திகினு கெடந்தாளுங்களே, அவளுங்கள அப்டியே போட்டுட்டு இவுங்கோ மாரி நானும் வண்டி ஏறிட்டேன்."

"அப்படிச் சொல்லக்கூடாது" என்றார் தலைவர். "முறைப்படி வெளியேறினீர்கள்."

"அய்ய! பெரிய மொற!" கோவிந்தம்மா கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். வெளுத்த சேலையில் மை நீளமாகப் பதிந்தது. "அந்தப் பழைய நோட்டுல இன்னா எய்திகீது? மில்லுக்கு வரலன்னுதானே? சரியாத்தான் எய்திக்கிறான். நான் இங்க இருந்தேன்னு உங்க ஆபீசுல சொல்றது அது ஒண்ணுதான். அது அப்டியே கெடக்கட்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டினாள்.

குழு கொடுத்ததை ஒருவர் மறுத்த சம்பவம் சரித்திரத்தில் இல்லை. சுயம்புதான் முதலில் தெளிந்தான்.

"அய்யா, நமூனாவுல மூணே கட்டம்தான் இருக்கு. 'பெற்றுக்கொண்டார்', 'இறந்துவிட்டார்', 'ஓடிப்போனார்'. எதுல போடறது?"

"பெற்றுக்கொண்டாரா?"

"இல்லைங்க."

"இறந்துவிட்டாரா?"

சுயம்பு காது கொடுத்துக் கேட்டான். "இல்லைங்க. படியில இறங்குற சத்தம் கேக்குது."

"அப்புறம் என்ன சந்தேகம்? போடு."

சுயம்பு அன்றைய தேதியைப் போட்டு மூன்றாவது கட்டத்தில் எழுதினான். தலைவர் கையெழுத்திட்டார். கூட்டத்தை முடிக்கும் மௌனத்துக்காக ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"நாளைக்குத் தொடங்குகிறீர்கள் அல்லவா?" என்று நின்றபடியே கேட்டார் தலைவர்.

குணசுந்தரி வாயைத் திறந்தார். வழக்கமான சொல்லுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மேஜை மேல் இருந்த தம் காகிதக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஓடிப்போனவர் ஆறாவது படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, முட்டி புட்ச்சிகிச்சி" என்றாள் கோவிந்தம்மா. "கொஞ்சம் கை குடு. எய்ந்துக்க முடியல."